ரேட்டிங் பின்னால்தான் வரும்: டபிள்யூ.டபிள்யூ.இ. நிகழ்ச்சிப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய திரு. பால் 'டிரிபிள் எச்' லெவெஸ்க் அவர்களுக்கும், அவரோடு அமர்ந்து வாராவாரம் நிகழ்ச்சியை எழுதும் குழுவினருக்கும்,

வணக்கம். அமெரிக்காவில் திங்கள் இரவு எட்டு மணிக்கு நீங்கள் 'ரா' மல்யுத்த நிகழ்ச்சியைத் தொடங்கும்போது தமிழ்நாட்டில் செவ்வாய்க்கிழமை பொழுது விடிந்துகொண்டிருக்கும். வாசலில் பால் பாக்கெட் வந்து விழும் அந்த நேரத்தில் பல ஆண்டுகளாக உங்கள் நிகழ்ச்சியைப் பார்த்துவருபவன் என்ற உரிமையில் இந்த மடலை எழுதுகிறேன்.

2025 டிசம்பர் 13 அன்று வாஷிங்டனில் உங்கள் நெடுநாள் நட்சத்திரம் ஜான் சீனா தன் கடைசிப் போட்டியில் குன்தரிடம் தோற்று விடைபெற்றார். அந்த இரவிலிருந்து ரசிகர்கள் கூடும் இடங்களிலெல்லாம் ஒரே கேள்வி கேட்கிறது. வளர்ந்துவரும் வீரர்களை நம்பி நிகழ்ச்சி நடத்தினால் தொலைக்காட்சி ரேட்டிங் வருமா? புதியவர் ஒருவரை முக்கியப் போட்டியில் நிறுத்துவதும், மறுநாள் எண் சற்று இறங்கியதும் 'இவரால் கூட்டம் சேராது' என்று தீர்ப்பு எழுதுவதும், மூன்றே வாரத்தில் அவரை நடுவரிசைக்குத் தள்ளிவிட்டுப் பழைய பெயர் ஒன்றைக் கூப்பிட்டு வருவதும் இந்தத் தொழிலில் வழக்கமாகிவிட்டன. வளர்ந்துவரும் வீரர்களால் ரேட்டிங் நிச்சயம் வரும் என்றே நான் நம்புகிறேன். ஆனால் அது ஆள் வளர்ந்த பிறகு வரும், வளரும்போதே வராது. இதை மெய்ப்பிக்க உங்கள் சொந்த வரலாற்றை விட்டு நான் வெளியே போகவேண்டியதில்லை.

1996 ஜூன் 23 அன்று மில்வாக்கியில் நடந்த 'கிங் ஆஃப் த ரிங்' தொடரை எடுத்துக்கொள்கிறேன். யார் வெல்வார் என்பதை முன்பே எழுதிவைக்கும் இந்தத் தொழிலில், அந்தத் தொடரை வெல்லவேண்டியவராகத் திட்டமிடப்பட்டிருந்தவர் நீங்கள்தான், திரு. லெவெஸ்க். அதற்கு ஒரு மாதம் முன்பு, மே 19 அன்று, மேடிசன் ஸ்கொயர் கார்டனில், போட்டி நிறுவனமான டபிள்யூ.சி.டபிள்யூ.வுக்குப் போகவிருந்த கெவின் நாஷ், ஸ்காட் ஹால் இருவரையும் ஷான் மைக்கேல்ஸோடு சேர்ந்து நீங்கள், கதைப்படி இருந்த பகையை மறந்து, ரிங்குக்குள்ளேயே கட்டித்தழுவி வழியனுப்பினீர்கள். அதற்குத் தண்டனையாக உங்கள் வெற்றி பறிக்கப்பட்டு ஸ்டீவ் ஆஸ்டினுக்குப் போனது. அன்றைக்கு ஆஸ்டின் யார்? முந்தைய ஆண்டு காயத்தோடு வீட்டில் இருந்தபோது டபிள்யூ.சி.டபிள்யூ. தொலைபேசியிலேயே வேலையைவிட்டு அனுப்பிய ஒருவர். உங்கள் நிறுவனத்துக்கு வந்தபோது அவருக்கு 'ரிங்மாஸ்டர்' என்று ஒரு பெயரைச் சூட்டி, அவருக்காகப் பேச டெட் டிபியாசியை அருகில் நிறுத்திவைத்திருந்தார்கள். மில்வாக்கியில் அன்றிரவு நடுவே மருத்துவமனைக்குப் போய் உதட்டில் தையல் போட்டுக்கொண்டு திரும்பி வந்து, இறுதிப் போட்டியில் ஜேக் ராபர்ட்ஸை வென்று, மைக்கைக் கையில் வாங்கி, பைபிளின் யோவான் 3:16 வசனத்தைக் கேலிசெய்து 'ஆஸ்டின் 3:16' என்று அவர் சொன்ன சொல் பிறகு கோடிக்கணக்கான டி-ஷர்ட்டுகளில் ஏறியது.

அதே ஜூன் மாதத்தில்தான் டபிள்யூ.சி.டபிள்யூ.வின் 'நைட்ரோ' நிகழ்ச்சி உங்கள் 'ரா'வை வாராவாரம் தோற்கடிக்கத் தொடங்கியது. நேருக்குநேர் மோதிய 83 வாரங்கள் தொடர்ந்த அந்தத் தோல்வி 1998 ஏப்ரல் 13 அன்றுதான் முடிந்தது. இந்த இரண்டு தேதிகளையும் அருகருகே வைத்துப் பார்க்குமாறு உங்களைப் பணிந்து கேட்டுக்கொள்கிறேன். பின்னாளில் பெருங்கூட்டத்தைத் தொலைக்காட்சி முன் உட்காரவைத்த மனிதர், தான் வளர்ந்த இருபத்திரண்டு மாதமும் தோற்றுக்கொண்டிருந்த நிகழ்ச்சியில்தான் வளர்ந்தார். வாராந்தர எண்ணை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதியிருந்தால் 1996 இலையுதிர்காலத்திலேயே ஆஸ்டினின் கணக்கை முடித்திருக்கலாம். 1997 கோடையிலும் முடித்திருக்கலாம். அப்போது அந்த முடிவைத் தவறென்று சொல்ல எவரிடமும் ஓர் எண்கூட இருந்திருக்காது.

அந்த இருபத்திரண்டு மாதத்தில் அவருக்கு என்ன கொடுத்தார்கள் என்பதைச் சற்று நின்று பார்க்கவேண்டும். 1997 மார்ச் 23 அன்று, உங்கள் ஆண்டின் மிகப்பெரிய நிகழ்ச்சியான ரெஸில்மேனியாவின் 13ஆவது பதிப்பில் பிரெட் ஹார்ட் அவரைப் பிடியில் முறுக்கிக்கொண்டிருக்க, நெற்றியிலிருந்து வழிந்த ரத்தம் பற்களுக்கிடையே இறங்க, கையைத் தட்டித் தோல்வியை ஒப்புக்கொள்ளாமலே மயங்கிச் சரிந்தார் ஆஸ்டின். போட்டி தோல்வி, ஆனால் வில்லனாக உள்ளே வந்தவர் நாயகனாக நடந்து வெளியே போனார். அந்த ஆகஸ்டில் ஓவன் ஹார்ட்டுடன் நடந்த போட்டியில் கழுத்தில் பலத்த அடிபட்டது. செப்டம்பர் 22 அன்று மேடிசன் ஸ்கொயர் கார்டனில், மருத்துவர்கள் அனுமதிக்கும்வரை பொறுத்திருக்கும்படி வின்ஸ் மெக்மஹன் ஒரு தகப்பனைப் போல நயமாகப் பேச, ஒத்துக்கொள்வதுபோல் தலையசைத்த ஆஸ்டின், அடுத்த நொடியில் முதலாளியைத் தரையில் வீழ்த்திவிட்டு, கைவிலங்கோடு காவலர்களுக்கு நடுவே நடந்து போனார். முதலாளியை எதிர்க்கும் தொழிலாளி என்ற கதை அந்த ஒரு நிமிடத்தில் பிறந்தது. 1998 ஜனவரியில் குத்துச்சண்டை வீரர் மைக் டைசனை அழைத்துவந்து ஆஸ்டினின் முகத்துக்கு முகம் நிறுத்தினார்கள். மார்ச் 29 அன்று 14ஆவது ரெஸில்மேனியாவில் ஆஸ்டினிடம் ஷான் மைக்கேல்ஸ் தோற்றபோது ஒன்று, இரண்டு, மூன்று என்று தரையில் தட்டி எண்ணியவர் அதே டைசன். இரண்டு வாரம் கழித்து, ஆஸ்டினும் மெக்மஹனும் மோதுவார்கள் என்று அறிவித்த ஏப்ரல் 13ஆம் தேதி ராவுக்கு 4.6 ரேட்டிங், நைட்ரோவுக்கு 4.3. அந்த மோதல் அன்று நடக்கக்கூட இல்லை, சக வீரர் மிக் ஃபோலி குறுக்கே வந்து கலைத்துவிட்டார். நடக்கும் என்ற எதிர்பார்ப்புக்கே மக்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

இப்படி ஒரு எதிர்பார்ப்பு ஒரு வாரத்தில் உருவாவதில்லை என்பதை உங்களைவிட நன்றாக அறிந்தவர் யார்? 1995இல் நீங்கள் இந்த நிறுவனத்துக்குள் வந்தபோது மூக்கைத் தூக்கிப் பேசும் கனெக்டிகட் சீமானாகத்தான் வந்தீர்கள். 1996 ரெஸில்மேனியாவில் அல்டிமேட் வாரியர் உங்களை இரண்டு நிமிடத்துக்குள் முடித்துவிட்டுப் போனார். தண்டனைக்குப் பிறகு ஓராண்டு காத்திருந்து 1997இல்தான் அந்தக் கிங் ஆஃப் த ரிங் உங்களுக்குக் கிடைத்தது. முதல் உலக சாம்பியன் பட்டம் 1999 ஆகஸ்டில், நான்கு ஆண்டு கழித்து. அந்த வாரியர் போட்டி நடந்த மறுநாள் காலையில் யாராவது ரேட்டிங் தாளை எடுத்துப் பார்த்து உங்கள் எதிர்காலத்தை முடிவுசெய்திருந்தால் இன்று இந்த மடலை நான் உங்கள் பெயருக்கு எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். இதைக் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. உங்களுக்குக் கிடைத்த அந்தக் காலத்தை உங்களுக்குப் பின்னால் வருபவர்களுக்கும் கொடுங்கள் என்று கேட்கத்தான் சொல்கிறேன்.

எண்ணைப் பற்றியும் சொல்லவேண்டும். நீல்சன் நிறுவனம் தரும் ரேட்டிங், தொலைக்காட்சி வீடுகளில் நூற்றுக்கு எத்தனை வீட்டில் நிகழ்ச்சி ஓடியது என்ற கணக்கு. விளம்பரதாரர்கள் அதிலும் 18 முதல் 49 வயதுவரை உள்ளவர்களைத்தான் தனியே பிரித்துப் பார்க்கிறார்கள். நிகழ்ச்சியைப் பதினைந்து பதினைந்து நிமிடத் துண்டுகளாக அறுத்து, எந்தத் துண்டில் ஆள் ஏறினார்கள், எதில் இறங்கினார்கள் என்று பார்த்து வீரர்களுக்கு மதிப்பெண் போடும் வழக்கம் இந்தத் தொழிலில் நெடுங்காலமாக உண்டு. ஒரு துண்டின் எண்ணில் அந்த வீரரைத் தவிர வேறு எத்தனையோ கலந்திருக்கின்றன. 2012 ஜூலையில் ரா மூன்று மணிநேர நிகழ்ச்சியானது. இரவு பத்து மணிக்குமேல் பிள்ளைகள் தூங்கப் போவதும், மறுநாள் வேலைக்குப் போகிறவர்கள் பெட்டியை அணைப்பதும் ரிங்கில் யார் நின்றாலும் நடப்பதுதான். செப்டம்பரிலிருந்து ஜனவரிவரை திங்கள் இரவு அமெரிக்கக் கால்பந்து எதிரே ஓடும். இந்த இரண்டும் சேர்ந்த ஒரு நவம்பர் இரவில், பத்தரை மணித் துண்டில் ஒரு புதியவரை இறக்கிவிட்டு, அந்தத் துண்டு இறங்கிவிட்டது என்று அவர்மேல் பழி போடுவது நியாயமா?

1999இன் எண்ணோடு இன்றைய எண்ணை ஒப்பிட்டுப் புதியவர்களை மட்டம் தட்டுகிறவர்களுக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடலாம். 1999 செப்டம்பர் 27 அன்று ராக் (டுவெய்ன் ஜான்சன்) என்ற வீரரும் மிக் ஃபோலியும் சேர்ந்து நடத்திய 'இதுதான் உன் வாழ்க்கை' பகுதி 8.4 ரேட்டிங் பெற்றது. அந்த அமெரிக்காவில் கேபிள் பெட்டி வீட்டுக்கு வீடு இருந்தது. இன்று கேபிளையே துண்டித்துவிட்ட வீடுகள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. ஒரு வீரரை அன்றைய எண்ணோடு ஒப்பிடக்கூடாது. அதே வாரத்தில் அதே மாதிரியான சேனல்களில் ஓடிய பிற நிகழ்ச்சிகளோடும், முந்தைய ஆண்டின் இதே பருவத்தோடும் ஒப்பிடுவதே சரி.

பழைய பெயர்களையே நம்பியிருந்தால் என்ன ஆகும் என்பதற்கு டபிள்யூ.சி.டபிள்யூ.வைவிடச் சிறந்த சான்று கிடைக்காது. 1997 செப்டம்பர் 22 அன்று, ஆஸ்டின் தன் முதலாளியை வீழ்த்திய அதே திங்கள் இரவில், எதிர்ச் சேனலில் நைட்ரோவில் கோல்ட்பெர்க் என்ற புதியவர் முதன்முதலாக ரிங்கில் ஏறி ஹியூ மோரஸை வென்றார். அதிகம் பேசாத மனிதர். வெற்றிமேல் வெற்றியாக அடுக்கி, அவர் வரும் வழியில் புகை எழுந்து, அரங்கமே அவர் பெயரைச் சொல்லும் நிலை வந்தபோது, 1998 ஜூலை 6 அன்று அட்லாண்டாவின் ஜார்ஜியா டோமில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் முன்னிலையில் பழைய பெரும் நட்சத்திரமான ஹல்க் ஹோகனை வென்று சாம்பியனானார். பத்து மாதம்கூட ஆகவில்லை. ஆஸ்டினுக்கு ஆனதைவிட விரைவாக ஒருவரை ஏற்றமுடியும் என்பதற்கு இது சான்று. ஆனால் அதற்கு அந்தப் பத்து மாதமும் ஒரு வாரம்கூட அவரைத் தடுமாறவிடாமல் காக்கவேண்டியிருந்தது. அந்த அக்டோபர் 25ஆம் தேதி கட்டணக் காட்சியில் நேரம் மீறிப்போய், கோல்ட்பெர்க்கும் டைமண்ட் டாலஸ் பேஜும் மோதிய முக்கியப் போட்டி பல வீடுகளில் பாதியில் அறுந்துபோயிற்று. மறுநாள் நைட்ரோவில் அந்தப் போட்டியை முழுவதும் ஒளிபரப்பினார்கள். நைட்ரோ ராவைக் கடைசியாக வென்றது அந்த இரவில்தான். கைநிறையப் பழைய நட்சத்திரங்களை வைத்திருந்த அந்த நிறுவனத்துக்குக் கடைசி வெற்றியைத் தேடித்தந்தது, பதின்மூன்று மாதங்களுக்கு முன் எவருக்கும் பெயர் தெரியாதிருந்த ஒருவர் ஆடிய போட்டி.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் பொறுக்கவில்லை. டிசம்பர் 27 அன்று கோல்ட்பெர்க்கின் வெற்றித் தொடரைக் கெவின் நாஷ் முறித்தார். எட்டு நாள் கழித்து, 1999 ஜனவரி 4 அன்று, ஹோகன் ஒரு விரலால் நாஷின் மார்பில் தொட, நாஷ் மல்லாந்து விழுந்து பட்டத்தைத் தாரைவார்த்தார். அதே இரவில் ராவில், முன்வாரமே பதிவாகியிருந்த போட்டியில், மேன்கைண்ட் என்ற பெயரில் ஆடிய மிக் ஃபோலி பட்டம் வெல்லப்போகிறார் என்ற செய்தியை நைட்ரோவின் வர்ணனையாளர் டோனி ஷியவோனி நேரலையிலேயே கேலியாகச் சொன்னார். அப்படிச் சொல்லும்படி மேலிடத்து உத்தரவு. முடிவு முன்கூட்டியே தெரிந்துவிட்டால் யாரும் அதைப் பார்க்கமாட்டார்கள் என்று கணக்குப் போட்டார்கள். நடந்தது நேர்மாறானது. இலட்சக்கணக்கானோர் அந்த நொடியே சேனலை மாற்றினார்கள். இவருக்கா பட்டம், கண்ணால் பார்த்தாகவேண்டும் என்று மாற்றினார்கள். ஒரு காது கிழிந்துபோன, பல் உடைந்த, பருத்த உடலோடு முப்பத்து மூன்று வயதில் நின்ற ஒரு மனிதர், கண்ணாடி உடையும் ஒலியோடு தொடங்கும் தன் இசையோடு ஆஸ்டின் ஓடிவந்து உதவ, ராக்கின் மேல் விழுந்து மூன்று எண்ணிக்கை வாங்கியபோது வூஸ்டர் நகர அரங்கம் எழுப்பிய ஓசையை இன்றைக்கும் நான் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்பதுண்டு. ராவுக்கு அன்று 5.7, நைட்ரோவுக்கு 5.0.

டபிள்யூ.சி.டபிள்யூ.விடம் இளையவர்கள் இல்லாமலில்லை. கிறிஸ் ஜெரிக்கோ அங்கேதான் இருந்தார். கோல்ட்பெர்க்கை வம்புக்கிழுத்து வாரக்கணக்கில் தானே ஒரு பகையை எழுப்பிக் காட்டினார். பெரிய மேடையில் அந்தப் பகைக்கு ஒரு போட்டிகூடத் தரப்படவில்லை. 1999 ஆகஸ்ட் 9 அன்று அவர் சிகாகோவில் உங்கள் ராவுக்கு வந்து, பேசிக்கொண்டிருந்த ராக்கையே குறுக்கிட்டு நின்றார். அடுத்த ஜனவரியில் எடி கெர்ரெரோவும் வந்துவிட்டார். 2001 மார்ச்சில் டபிள்யூ.சி.டபிள்யூ.வே உங்கள் நிறுவனத்துக்கு விலையானது.

ஆனால் புதியவரைத் தூக்கி நிறுத்தினால் போதும், மக்கள் ஏற்றுக்கொள்வார்கள் என்று நான் சொல்லவரவில்லை. 1996 நவம்பரில் ராக்கி மைவியா என்ற பெயரில், சிரித்த முகத்தோடு, தோற்கவிடாமல் அறிமுகப்படுத்தப்பட்ட இளைஞரை அரங்கமே 'செத்துப்போ ராக்கி' என்று கத்தி விரட்டியது. அவரை அப்படியே தொடரவிடாமல், 1997 ஆகஸ்டில் வில்லன் கூட்டத்தில் சேர்த்து, அந்த வெறுப்பையே அவர் வாயால் திருப்பிப் பேசவிட்டபோதுதான் ராக் பிறந்தார். 2015 ஜனவரியில் பிலடெல்பியாவில் ரோமன் ரெய்ன்ஸ், முப்பது பேர் மோதும் 'ராயல் ரம்பிள்' போட்டியை வென்றபோது அதே ராக் வந்து கையைத் தூக்கிப் பிடித்தும் கூச்சல் அடங்கவில்லை. மக்கள் வேண்டாமென்றது ரெய்ன்ஸ் என்ற மனிதரை என்று அன்று பலர் நினைத்தார்கள். அவர்கள் வெறுத்தது அவருக்குப் பொருந்தாத ஒரு நாயக வேடத்தை என்பது 2020 ஆகஸ்டில் அவர் குலத்தலைவனாக, சொந்தச் சகோதர உறவுகளையே மிரட்டி ஆளும் வில்லனாகத் திரும்பிவந்த பிறகுதான் தெரிந்தது. அதன்பின் வென்ற யுனிவர்சல் சாம்பியன் பட்டத்தை அவர் 1,316 நாள் வைத்திருந்தார். 2024 ஏப்ரலில் கோடி ரோட்ஸ் அதை வென்றபோது கிடைத்த மகிழ்ச்சியின் அளவு அந்த 1,316 நாளின் அளவே. ராக்குக்கும் ரெய்ன்ஸுக்கும் முதல் வேடம் தோற்றது, ஆள் தோற்கவில்லை. ரேட்டிங் தாளில் இந்த வேறுபாடு தெரிவதேயில்லை.

அரங்கத்தின் குரலைத்தான் எண்ணுக்கு முன்னால் கேட்கவேண்டும் என்பதற்கு வீராங்கனை பெக்கி லிஞ்ச்சைவிட நல்ல சான்று எது? 2018 ஆகஸ்டில் அவர் ஷார்லட் ஃப்ளேரைத் தாக்கியபோது மக்கள் அவரைத் திட்டவேண்டும் என்பது எழுதியவர்களின் கணக்கு. மக்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். நவம்பரில் ரா அரங்கில் மூக்கு உடைந்து, முகமெல்லாம் ரத்தமாக, கூட்டத்தின் நடுவே கைகளை விரித்து அவர் நின்ற காட்சி எந்தக் கூட்டத்திலும் உட்கார்ந்து எழுதியதல்ல. அதைப் பார்த்ததும் திட்டத்தை மாற்றும் துணிவு உங்கள் நிறுவனத்துக்கு அன்று இருந்தது. 2019 ஏப்ரலில் ரெஸில்மேனியாவின் கடைசிப் போட்டியைப் பெண்கள் முதன்முறையாக ஆடினார்கள்.

பழையவர்களை அழைக்கவே கூடாது என்பதும் என் கோரிக்கையல்ல. எதற்காக அழைக்கிறீர்கள் என்பதே என் கேள்வி. 2018 ஜனவரியில் ராவின் 25ஆம் ஆண்டு நிகழ்ச்சிக்குப் பழைய முகங்கள் எல்லாரையும் வரவழைத்தீர்கள். பார்த்தவர்கள் எண்ணிக்கை 45 இலட்சத்தைத் தொட்டது. வந்தவர்கள் நினைவுகளைப் பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டார்கள். அந்தக் கூட்டம் பின்வந்த வாரங்களில் நிலைக்கவில்லை. 2024 அக்டோபர் 1 அன்று, வளரும் வீரர்களுக்கான உங்கள் நிகழ்ச்சியான என்.எக்ஸ்.டி. புதிய சேனலுக்கு மாறியபோது செய்ததுதான் சரியான வழி. மூத்த நட்சத்திரம் சி.எம். பங்க்கை அவருடைய சொந்த ஊர்ப் பக்கமே, சிகாகோ அருகில், நடுவராக நிறுத்தி, டிரிக் வில்லியம்ஸ் பட்டம் வெல்வதைப் பார்க்கவைத்தீர்கள். அடுத்த வாரமே இன்னொரு மூத்தவரான ராண்டி ஆர்ட்டன் இருபது வயது ஜேவான் எவன்ஸோடு ரிங்கில் நின்றார். டைசனின் கை ஆஸ்டினுக்காகத் தரையைத் தட்டியதும் இதுவும் ஒன்றுதான். பங்க்கைப் பார்க்க வந்தவர் வில்லியம்ஸின் பெயரைத் தெரிந்துகொண்டு போனார்.

எங்கள் வீட்டில் நடப்பதை ஒன்று சொல்கிறேன். ஒரு வீட்டுக் கணக்கு ரேட்டிங் ஆகாது என்பதை அறிந்தே சொல்கிறேன். நானும் என் தம்பியும் சிறுவர்களாக இருந்தபோது பெட்டிக்கடையில் டபிள்யூ.டபிள்யூ.எஃப். (உங்கள் நிறுவனத்தின் அன்றைய பெயர்) டிரம்ப் கார்டு விற்கும். ரேங்க், உயரம், எடை, மார்பளவு, புஜத்தின் சுற்றளவு என்று ஒவ்வொரு அட்டையிலும் அச்சிட்டிருக்கும்; தேய்ந்து, மூலை மடங்கி, வியர்வை நாற்றம் ஏறிய அந்த அட்டைகளில் ரேங்க் கீழே இருந்தவர் எவரென்று எங்களுக்கு மனப்பாடம். பிறகு கேபிளில் அதே ஆள் ரேங்க் மேலே இருந்தவரை வீழ்த்துவதைப் பார்த்தால் அன்று முழுக்கத் தெருவில் அதே பேச்சுத்தான். இன்று என் அக்கா மகனுக்குப் பன்னிரண்டு வயது. செவ்வாய் காலையில் பள்ளி வேனுக்குக் கிளம்பியபடியே நெட்ஃபிளிக்ஸில் ரா பார்க்கிறான். முப்பது வருடத்துக்கு முந்தைய நட்சத்திரம் ஒருவர் வந்து கையசைத்துப் பேசும்போது அவன் குனிந்து ஷூ லேஸ் கட்டுவான். முகமூடி வீரர் பெண்டாவின் இசை ஒலித்தால் ஒரு காலில் ஷூவோடு அப்படியே நிற்பான். வேன்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருப்பார். ஆஸ்டின் யாரென்று அவனுக்குத் தெரியாது. ராக் அவனுக்கு ஒரு சினிமா நடிகர். அவன் வளர்ந்து இருபது வயதாகும்போது யாருக்காகத் திரும்பி வருவான் என்பதை நீங்கள் இந்த ஆண்டு எடுக்கும் முடிவுகள்தான் தீர்மானிக்கப்போகின்றன.

2025 ஜனவரி 6 முதல் ரா நெட்ஃபிளிக்ஸுக்கு மாறியிருப்பது இந்த வகையில் உங்களுக்குக் கிடைத்த நல்ல வாய்ப்பு. பத்தாண்டுக்கு 500 கோடி டாலருக்கும் அதிகமான ஒப்பந்தம் கையில் இருக்கிறது. பார்த்த மொத்த மணிநேரத்தை நிகழ்ச்சியின் நீளத்தால் வகுத்து வரும் 'பார்வைகள்' என்பதே அங்கே கணக்கு. பதினைந்து நிமிடத் துண்டுக்கு விளம்பரம் விற்றே தீரவேண்டிய நெருக்கடி முன்போல் இல்லை. பத்தாண்டு உறுதி இருக்கும்போது ஒருவருக்கு ஓராண்டு கொடுக்க ஏன் தயங்கவேண்டும்? 2025 ஏப்ரல் 19 அன்று லாஸ் வேகஸில் ஜே உசோ குன்தரை வென்று சாம்பியனானபோது, அமெரிக்க அரங்கங்களெல்லாம் அவர் இசைக்குக் கையை மேலும் கீழும் வீசி ஆடிக்கொண்டிருந்தன. ஜூன் 9 அன்று பட்டம் மீண்டும் குன்தரிடமே போய்விட்டது, 51 நாள். பதினைந்து ஆண்டு உழைத்து மேலே வந்த ஒருவரைப் பற்றி 51 நாளில் நாம் எதைத் தெரிந்துகொண்டோம்? அதே குன்தரிடம் இண்டர்காண்டினென்டல் என்ற இரண்டாம் நிலைப் பட்டத்தை 666 நாள் விட்டுவைத்தீர்கள். அந்தப் பட்டத்துக்கு மதிப்பு வந்தது, அவருக்கும் வந்தது, கடைசியில் சீனாவை வீழ்த்தத் தகுந்தவராக அவரை மக்கள் கண்டார்கள். பொறுமையாக வளர்க்க உங்களுக்குத் தெரியும் என்பதற்கு நீங்களே தந்த சான்று அது.

ஆகவே நான் கேட்பது மிகச் சில. என்.எக்ஸ்.டி.யிலிருந்து வந்த ஓபா ஃபெமி, ஜேவான் எவன்ஸ், டிரிக் வில்லியம்ஸ், டிஃபனி ஸ்ட்ராட்டன், பிரான் பிரேக்கர் போன்றவர்களில் யாரைத் தேர்ந்தாலும் ஓராண்டுக்கான கதையை முதலில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். இடையில் எந்த வாரத்து எண் வந்தாலும் அதைக் கலைக்காதீர்கள். அவர்கள் நிற்கும் இடத்தை ஒன்பது மணித் துண்டுக்குக் கொண்டுவாருங்கள். எழுதிக் கொடுத்த வசனத்தை ஒப்பிக்கச் சொல்லாமல் ஐந்து நிமிடம் மைக்கைக் கையில் கொடுத்துவிடுங்கள். ஆஸ்டினும் ராக்கும் அப்படித்தான் கிடைத்தார்கள். பட்டம் தோற்றால், தோற்றவிதத்தில் அவர் மதிப்பு ஏறும்படி தோற்கட்டும், பிரெட் ஹார்ட்டின் பிடியில் ஆஸ்டின் தோற்றதைப் போல.

இன்னும் ஒன்று. சீனா தோல்வியை ஒப்புக்கொண்டு கையைத் தட்டிய அந்த வாஷிங்டன் இரவில், மேடைக்கு வந்த உங்களைப் பார்த்தே அரங்கம் கூச்சலிட்டது. அந்த முடிவு தவறென்று பலர் எழுதினார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. விடைபெறுகிறவர் தன் கடைசி மூச்சில் அடுத்தவருக்கு எதையாவது கொடுத்துவிட்டுப் போவதுதான் இந்தத் தொழிலின் முறை. சீனா அதைச் செய்தார், நீங்கள் அதற்கு இடம் கொடுத்தீர்கள். ஆனால் அந்தக் கோபத்தை ஆறவிட்டுவிடாதீர்கள். சீனாவைத் தோற்கடித்தவனை யாராவது வந்து அடக்கமாட்டார்களா என்று ஏங்கும் கூட்டம் ஒன்று இன்னும் காத்திருக்கிறது. அந்த வெற்றியை ஒருநாள் விருந்தாளியாக வந்துபோகும் பழைய பெயர் எதற்கும் கொடுத்துவிடாமல், முழு ஆண்டும் அதற்காக நடந்து வந்த ஓர் இளையவருக்கு, ரெஸில்மேனியா மேடையில் கொடுங்கள்.

அன்புடனும் மதிப்புடனும்,
தமிழ்நாட்டிலிருந்து ஒரு நெடுநாள் பார்வையாளன்